வைலம்: டைன் நதிக்கரையில் ஒரு சிற்றூர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில் வரலாறு படிக்கிறவர்களுக்கு என்றாவது ஒருநாள் வைலம் என்ற பெயர் எதிர்ப்படும். கூடவே பாதி சரியும் பாதி தப்புமாகச் சில கதைகளும் வந்து சேரும். வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஓரிரு வரிதான்.

வைலம் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்தம்பர்லேண்ட் மாவட்டத்தில், டைன் ஆற்றங்கரையில் இருக்கிறது. நியூகாஸில் நகரத்துக்கு மேற்கே சுமார் 16 கிலோமீட்டர். ஊரின் பெரும்பகுதி வடகரையில் இருக்கிறது. ரயில் நிலையமும் கொஞ்சம் வீடுகளும் தென்கரையில். இரண்டையும் ஒரு பாலம் சேர்க்கிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டர் போனால் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர் போன தடம் வரும்.

இன்றைக்குப் பார்த்தால் நியூகாஸிலுக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் குடியிருக்கும் அமைதியான, கொஞ்சம் வசதியான ஊர். இங்கே ஒரு காலத்தில் நிலக்கரிப் புழுதி பறந்தது, உலைகள் எரிந்தன என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

டைன் எங்கிருந்து வருகிறது? வைலத்தில் அது எப்படிப்பட்ட ஆறு?

டைன் என்பது இரண்டு ஆறுகள். வட டைன் ஸ்காட்லாந்து எல்லையருகே பிறக்கிறது. தென் டைன் கம்ப்ரியாவில் ஆல்ஸ்டன் மேட்டில் பிறக்கிறது. ஹெக்ஸம் நகருக்குப் பக்கத்தில் வார்டன் என்ற இடத்தில் இரண்டும் கலந்து, கிழக்கே ஓடி, டைன்மவுத்தில் வட கடலைத் தொடுகின்றன.

வைலத்தில் ஒரு விசேஷம் உண்டு. கடல் ஏற்றத்தின்போது டைன் ஆற்றில் உப்புநீர் எதிர்த்து ஏறி வரும் அல்லவா, அந்த ஏற்ற இறக்கம் இந்த ஊரோடு நின்றுவிடுகிறது. வைலத்துக்கு மேற்கே டைன் கூழாங்கற்களின் மேல் சலசலத்து ஓடும் மலையாறு. கிழக்கே போகப் போக அது படகும் கப்பலும் போகும் துறைமுக ஆறு. ஊர் அந்த எல்லையில் உட்கார்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால் வைலத்தின் வரலாற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்திலிருந்துதான் கிளைக்கிறது.

ஆறு எங்கே நின்றால் என்ன? அதற்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?

வைலத்தின் மண்ணுக்கடியில் நல்ல நிலக்கரி இருந்தது. அதை வாங்கும் சந்தையோ லண்டனில் இருந்தது. பாரமான சரக்கைக் காசு கட்டுபடியாகும்படி கொண்டுபோக அந்தக் காலத்தில் நீர்வழிதான் ஒரே வழி.

டைன் பக்கம் இதற்குக் கீல் என்ற தட்டையான படகு இருந்தது. ஒரு கீலில் ஏறத்தாழ 21 டன் நிலக்கரி ஏறும். ஆற்றோரத் துறைகளில் கரியை ஏற்றிக்கொண்டு, நியூகாஸிலின் தாழ்வான பழைய பாலத்துக்கு அடியில் நுழைந்து, கீழே ஆழமான தண்ணீரில் நிற்கும் கடற்கப்பல்களுக்கு மாற்றுவார்கள். அந்த வேலை செய்தவர்கள் கீல்காரர்கள். டைன் ஆற்றங்கரையில் தனி வர்க்கமாக, ஒற்றுமையும் வீம்பும் உள்ளவர்களாகப் பேர் வாங்கியவர்கள்.

சிக்கல் என்னவென்றால், கீல் படகுகள் வைலம் வரை வராது. ஆழம் போதாது. அடுத்த ஊரான நியூபர்னிலேயே ஆற்றை நடந்து கடக்கும் துறை இருந்தது. 1640 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துப் படை, கடல் இறங்கியிருந்த நேரமாகப் பார்த்து அங்கேதான் ஆற்றில் இறங்கி வந்து ஆங்கிலேயப் படையைத் தோற்கடித்தது. குதிரையும் காலாளும் நடந்து கடக்கிற தண்ணீரில் 21 டன் ஏற்றிய படகு எங்கே மிதக்கும்? ஆக, வைலத்துக் கரி முதலில் சுமார் 8 கிலோமீட்டர் தரைவழியாக லெமிங்டன் என்ற துறைக்குப் போக வேண்டும். ஆற்றங்கரை ஊராக இருந்தும் ஆறு கைகொடுக்காத நிலை. அந்த 8 கிலோமீட்டர் தொல்லைதான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது.

1748-லேயே வைலத்தில் ரயில் பாதை இருந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

தண்டவாளம் இருந்தது, ரயில் வண்டி இல்லை. 1748 வாக்கில் வைலம் சுரங்கத்திலிருந்து லெமிங்டன் வரை மரத் தண்டவாளங்கள் போட்டார்கள். அதன் மேல் நிலக்கரி வண்டிகளைக் குதிரைகள் இழுத்தன. வடகிழக்கு இங்கிலாந்தில் இதற்கு முன்னாலேயே இத்தகைய வண்டிப்பாதைகள் நிறைய உண்டு. வைலத்தின் அனுகூலம், பாதை ஆற்றோரச் சமவெளியிலேயே பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் போனதுதான். மேடு பள்ளம் இருந்திருந்தால் பிற்பாடு நீராவி இன்ஜினைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

குதிரை நன்றாகத்தானே இழுத்தது? நீராவிக்கு ஏன் மாறினார்கள்?

செலவுதான் காரணம். நெப்போலியனோடு நடந்த போரில் குதிரைக்கும் தீவனத்துக்கும் விலை எகிறியது. சுரங்கத்தின் வாசலில் கிடக்கிற நிலக்கரியோ கிட்டத்தட்ட சும்மா. புல் தின்னும் மிருகத்துக்குப் பதில் கரி தின்னும் இயந்திரம் இருந்தால் எவ்வளவு மிச்சம் என்று சுரங்க முதலாளிகள் கணக்குப் போட்டார்கள்.

வைலத்து முதலாளி கிறிஸ்டோபர் பிளாக்கெட் இதில் முந்திக்கொண்டவர். லண்டனில் ‘தி குளோப்’ என்ற செய்தித்தாளும் அவருடையதாக இருந்தது. உலகின் முதல் ரயில் இன்ஜினை 1804-இல் வேல்ஸில் ஓட்டிக் காட்டிய ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் வடிவமைப்பில், பிளாக்கெட்டுக்காக கேட்ஸ்ஹெட்டில் ஓர் இன்ஜின் செய்யப்பட்டது. ஆனால் வைலத்தின் மரத் தண்டவாளம் அந்தக் கனத்தைத் தாங்காது. ஆகவே அந்த இன்ஜினை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் மனம் தளரவில்லை. 1808 வாக்கில் மரத்தை எடுத்துவிட்டு வார்ப்பிரும்புப் பாதை போட்டார். அப்புறம் தன் சுரங்க மேலாளர் வில்லியம் ஹெட்லியிடம் இன்ஜின் வேலையை ஒப்படைத்தார்.

அப்போது எல்லோருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. வழவழப்பான இரும்புச் சக்கரம், வழவழப்பான இரும்புப் பாதை. பின்னால் பாரத்தைக் கட்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றாதா? லீட்ஸ் பக்கம் மிடில்டன் சுரங்கத்தில் இந்தப் பயத்தினாலேயே, 1812-இல், தண்டவாளத்தின் பக்கத்தில் பற்கள் வைத்து, பல்சக்கரத்தால் இழுக்கும் இன்ஜினை ஓட்டினார்கள். அதற்குச் செலவு அதிகம்.

ஹெட்லி இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வண்டி செய்தார். இன்ஜினே கிடையாது. வண்டியின் மேல் ஆட்களை நிறுத்தி, கைப்பிடியைச் சுற்ற வைத்தார். பின்னால் கரி வண்டிகளைக் கட்டினார். சோதனை வண்டியின் மேல் எடையைக் கூட்டக் கூட்ட எத்தனை வண்டி இழுபடுகிறது, எப்போது சக்கரம் வழுக்குகிறது என்று பார்த்தார். போதிய எடை இருந்தால் வழவழப்பான சக்கரமே போதும் என்பது கண்கூடாகத் தெரிந்துவிட்டது. 1813 மார்ச்சில் காப்புரிமை வாங்கினார். ட்ரெவிதிக் இதை முன்பே ஓட்டிக் காட்டியவர்தான். ஆனாலும் அளந்து பார்த்துச் சந்தேகத்தைத் தீர்த்த பெருமை ஹெட்லிக்குத்தான் சேர வேண்டும். இந்த ஊரின் மிகப் பெரிய சாதனை எது என்று கேட்டால், இன்ஜினைக் காட்டிலும் இந்தக் கைச்சுற்று வண்டியைத்தான் நான் சொல்வேன்.

பஃபிங் பில்லி என்ற நீராவி இன்ஜினைச் செய்தது ரயில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சன்தானே?

இல்லை. இந்தக் குழப்பம் எங்கும் உண்டு. ஸ்டீபன்சன் பிறந்தது வைலத்தில், பஃபிங் பில்லி ஓடியது வைலத்தில். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

பஃபிங் பில்லி 1813–14-இல் ஹெட்லியின் பொறுப்பில் உருவானது. கூட உழைத்தவர்கள் இன்ஜின் பொறுப்பாளர் ஜோனத்தன் ஃபோர்ஸ்டரும், கொல்லர் தலைவர் டிமோத்தி ஹாக்வொர்த்தும். அதே காலத்தில் இதன் ஜோடியாக வைலம் டில்லி என்ற இன்ஜினும் வந்தது. ஸ்டீபன்சன் அப்போது கில்லிங்வொர்த் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முதல் இன்ஜின் ‘புளூகர்’ 1814-இல் அங்கேதான் ஓடியது. பிறந்த ஊரில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் பஃபிங் பில்லியில் அவர் கைபடவில்லை.

ரயில் இன்ஜினைக் கண்டுபிடித்தவர் ஸ்டீபன்சன் என்பதும் இதே மாதிரிதான். முதலில் ஓட்டியவர் ட்ரெவிதிக். ஸ்டீபன்சன் செய்தது வேறு. பாதை, பாலம், இன்ஜின், வண்டி எல்லாவற்றையும் ஒரே அமைப்பாக இணைத்து, ஊரையும் ஊரையும் சேர்க்கும் ரயில்வேயாக நடத்திக் காட்டினார். அது ஒன்றும் சின்ன விஷயமில்லை. இல்லாத பெருமையை வேறு அவர் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

பஃபிங் பில்லி எப்படி ஓடியது?

மெதுவாக. மணிக்கு 8 கிலோமீட்டர் போனால் அதிகம். எட்டு டன் கனத்தில் வார்ப்பிரும்புப் பாதை படபடவென்று உடைந்தது. அதனால் நான்கு சக்கரங்களை எட்டாக மாற்றி எடையைப் பரப்பிவிட்டார்கள். 1830 வாக்கில் வலுவான தண்டவாளம் போட்டதும் பழையபடி நான்கு சக்கரத்துக்குத் திரும்பியது. 1862 வரை வேலை செய்தது. அரை நூற்றாண்டு உழைப்பு, முதல் தலைமுறை இயந்திரம் ஒன்றுக்கு இது நம்ப முடியாத ஆயுள்.

ஸ்டீபன்சன் பிறந்த வீடு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. ஊரிலிருந்து கிழக்கே ஆற்றோரப் பாதையில் நடந்தால் வெள்ளைச் சுவரும் சிவப்பு ஓடுமாகத் தனியே நிற்கும். வீடு என்றதும் முழு வீட்டையும் நினைக்க வேண்டாம். அதில் நான்கு குடும்பங்கள் இருந்தன. ஸ்டீபன்சன் குடும்பத்துக்கு ஒரே ஓர் அறை. 1781 ஜூன் 9 அன்று அவர் அங்கே பிறந்தார். அப்பா ராபர்ட், சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் நீராவி இயந்திரத்துக்குக் கரி தள்ளும் ஃபயர்மேன். பிள்ளைகள் ஆறு பேர். பள்ளிக்கூடம் அனுப்ப வழியில்லை. ஜார்ஜ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே பதினெட்டு வயதுக்கு மேல், இரவுப் பள்ளியில், சொந்தச் சம்பளத்தில் காசு கொடுத்து.

அந்த வீட்டின் வாசலை ஒட்டித்தான் வண்டிப்பாதை போனது. குதிரைகள் கரி வண்டிகளை இழுத்துப் போவதைத் தினமும் பார்த்தபடி அந்தக் குழந்தை வளர்ந்தது. எட்டு வயதில் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. வீடு இப்போது நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் வசம்.

உலகத் தண்டவாள அகலம், அந்த 1435 மில்லிமீட்டர், வைலத்தில் பிறந்ததா?

இல்லை. வைலம் பாதையின் அகலம் 5 அடி, அதாவது 1524 மில்லிமீட்டர். உலகம் முழுக்கப் பரவிய 4 அடி 8½ அங்குலம் கில்லிங்வொர்த் சுரங்கப் பாதையின் 4 அடி 8 அங்குலத்திலிருந்து வந்தது. ஸ்டீபன்சன் அங்கே பழகிய அளவையே ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதைக்கும், பிறகு லிவர்பூல்–மான்செஸ்டர் பாதைக்கும் கொண்டுபோனார். நம்மூர் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அது இரண்டையும்விட அகலம், அதன் கதையே வேறு.

டிமோத்தி ஹாக்வொர்த்தும் வைலத்துக்காரரா?

ஆமாம், 1786 டிசம்பர் 22 அன்று இங்கே பிறந்தவர். மெதடிஸ்ட் பிரிவைச் சேர்ந்த தீவிர பக்தர். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்து, சுரங்க வேலையையே விட்டுவிட்டுப் போனார். பிற்காலத்தில் ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில்வேயின் இன்ஜின்களை ஓட வைத்துக் காப்பாற்றியவர் அவர். 1829-இல் ரெயின்ஹில்லில் நடந்த இன்ஜின் போட்டியில் ஸ்டீபன்சன்களின் ‘ராக்கெட்’டுக்கு எதிராக அவருடைய ‘சான்ஸ் பரேல்’ களமிறங்கித் தோற்றது. ஐந்தரை வருட இடைவெளியில் ஒரே சிற்றூரில் பிறந்த இரண்டு பேர் அந்தப் போட்டியில் எதிரெதிரே நின்றார்கள். ஹாக்வொர்த்தின் பேர் வெளியே இவ்வளவு குறைவாகத் தெரிவது அநியாயம்.

வைலம் டில்லி படகில் ஏறியது என்கிறார்களே?

ஏறியது. 1822-இல் கீல்காரர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். சுரங்கத்திலிருந்து நேரடியாகக் கப்பலில் கொட்டும் துறைகள் வந்துகொண்டிருந்தன. கீல்காரர்களுக்கு வேலை போய்க்கொண்டிருந்தது. கரி நகராமல் தவித்தபோது, ஹெட்லி வைலம் டில்லி இன்ஜினை ஒரு கீல் படகின் மேல் ஏற்றி, துடுப்புச் சக்கரம் பொருத்தி, மற்ற படகுகளை இழுக்கும் நீராவிப் படகாக மாற்றிவிட்டார். வேலைநிறுத்தம் முடிந்தபின் இன்ஜின் பழையபடி தரைக்கு வந்தது.

பொறியாளர்கள் இதைச் சாமர்த்தியம் என்று மெச்சுவார்கள். கீல்காரர்கள் பக்கம் நின்று பார்த்தால் அது வேறு மாதிரிதான் தெரியும்.

நிலக்கரிக்கு முன்னால் ஊரில் என்ன இருந்தது?

மத்திய காலத்தில் வைலம், டைன்மவுத் மடத்தின் சொத்து. 1539-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் அந்த மடம் கலைக்கப்பட்டது. பின்னாளில் ஊர் பிளாக்கெட் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1886-இல் கட்டிய ஊர்த் தேவாலயத்துக்குப் புனித ஆஸ்வின் பேர் வைத்தது மடத்தின் தொடர்பை நினைவூட்டுகிறது. அவரை அடக்கம் செய்தது டைன்மவுத்தில்.

இப்போதுள்ள ரயில் நிலையம் எப்போது வந்தது?

1835-இல். நியூகாஸில்–கார்லைல் ரயில்வேயின் முதல் பகுதி அந்த வருடம் மார்ச் 9 அன்று பிளேடனுக்கும் ஹெக்ஸமுக்கும் இடையே திறந்தது. வைலம் அதில் ஒரு நிலையம். இன்னமும் பயணிகள் ஏறி இறங்குகிற, உலகின் மிகப் பழைய நிலையங்களில் ஒன்று. 1897-இல் கட்டிய சிக்னல் அறை, தண்டவாளத்துக்கு மேலே குறுக்காக, இரும்புச் சட்டத்தின் மேல் ஏறி நிற்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

இந்தப் பாதையைப் பற்றி ஒரு சுவாரசியம். அனுமதி கொடுத்த சட்டத்தில் நீராவி இன்ஜின் ஓட்டக் கூடாது என்று இருந்தது. கம்பெனியோ நீராவியிலேயே ஓட்டியது. வழியில் நிலம் வைத்திருந்த ஒருவர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார். மார்ச் மாதம் திறந்த பாதை அந்த மாதமே மூடிக்கொண்டது. மக்கள் கொதித்த பிறகு மே மாதம் மறுபடி ஓடியது. ஆற்றின் எதிர்க்கரையில் பஃபிங் பில்லி இருபது வருடத்துக்கு மேலாகப் புகை விட்டுக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது!

ஊருக்கு மேற்கே வில் மாதிரி ஒரு பாலம் இருக்கிறதே, அது என்ன?

ஹாக் பேங்க் பாலம். பாயிண்ட்ஸ் பாலம் என்றும் சொல்வார்கள். 1876-இல், வடகரையில் வந்த இன்னொரு ரயில் பாதைக்காகக் கட்டியது. சுமார் 73 மீட்டர் அகல ஆற்றை நடுவில் தூணே இல்லாமல் ஒரே தாவலில் தாண்டுகிறது. ஆற்றுக்கு அடியில் பழைய சுரங்கக் குடைவுகள் இருக்கலாம் என்ற அச்சம் தூண் வைக்காததற்கு ஒரு காரணம். மேலே இரும்பு வில், அதிலிருந்து கம்பிகளால் தொங்குவது பாதைத் தளம். இதே தத்துவத்தைப் பெரிய அளவில் 1928-இல் நியூகாஸில் டைன் பாலத்திலும் 1932-இல் சிட்னி துறைமுகப் பாலத்திலும் பார்க்கலாம்.

வடகரைப் பாதையை 1968-இல் மூடிவிட்டார்கள். பாலத்தில் இப்போது நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான்.

டைன் ஆற்றில் வெள்ளம் வருமா?

வரும், சில சமயம் பயங்கரமாக. 1771 நவம்பர் வெள்ளத்தில் நியூகாஸிலின் பழைய பாலம் உட்பட டைன் ஆற்றின் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. தப்பியது கோர்பிரிட்ஜ் பாலம் ஒன்றுதான். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வந்தபோது அதே கோர்பிரிட்ஜில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

ஆற்றில் சால்மன் மீன் உண்டா?

உண்டு. தொழிற்சாலைக் கழிவால் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அற்றுப்போன மீன், டைனின் கீழ்ப்பகுதி சுத்தமானதும் திரும்பி வந்தது. வட டைனில் கீல்டர் அணை கட்டியபோது முட்டையிடும் இடங்கள் மூழ்கின. அதற்கு ஈடாக ஒரு மீன்குஞ்சுப் பண்ணை வைத்தார்கள். இன்று இங்கிலாந்தில் சால்மனுக்கு முதலில் சொல்லும் ஆறுகளில் டைனும் ஒன்று.

சுரங்கம் என்ன ஆனது?

1868-இல் மூடப்பட்டது. 1836-இல் தொடங்கிய இரும்பு உலை அதற்கு முன்பே, 1860-களில் அணைந்துவிட்டது. கரி போனதும் சுத்தமான காற்றும் ரயில் வசதியும் மிஞ்சின. நியூகாஸிலின் வசதியானவர்கள் வீடு தேடி வந்தார்கள். நீராவி டர்பைனைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸ் ஊருக்கு அருகே ஹோலின் ஹாலில் வசித்தார்.

போய்ப் பார்க்க வேண்டுமானால்?

நியூகாஸிலிலிருந்து ரயிலில் இருபது நிமிடம். நிலையத்தில் இறங்கி, பாலம் தாண்டி வடகரைக்கு வாருங்கள். ஊர் நூலகக் கட்டிடத்தில் சின்ன ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அப்புறம் கிழக்கே பழைய வண்டிப்பாதைத் தடத்தில் நடந்தால் கால் மணி நேரத்தில் ஸ்டீபன்சன் வீடு. கார் அங்கே போகாது. வீட்டை உள்ளே பார்க்கத் திறந்திருக்கும் நாட்கள் குறைவு, விசாரித்துக்கொண்டு போவது நல்லது. காலில் தெம்பிருந்தால் அப்படியே நியூபர்ன் வரை போகலாம். தரை சமமாக இருக்கும், குதிரைகளுக்காகப் போட்ட பாதை அல்லவா.

பஃபிங் பில்லியும் வைலம் டில்லியும் இப்போது எங்கே?

ஊரில் இல்லை. பஃபிங் பில்லி 1862-இல் லண்டனில் காப்புரிமை அலுவலக அருங்காட்சியகத்துக்கு இரவலாகப் போனது. பிறகு 200 பவுண்டுக்கு விலைபேசி வாங்கிக்கொண்டார்கள். இப்போது லண்டன் சயன்ஸ் மியூசியத்தில் நிற்கிறது. இன்று உலகில் மிஞ்சியிருக்கும் ரயில் இன்ஜின்களில் மிகப் பழையது அதுவே. வைலம் டில்லி எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓடுகிற பஃபிங் பில்லியைப் பார்க்க ஆசையென்றால் டர்ஹம் மாவட்டத்தின் பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அதன் மறுபதிப்பு ஒன்றை 2006-இல் அங்கே ஓட விட்டார்கள்.